இருவருக்கும் ஒரே தாய்வீடு

போன மாதம், குடும்ப நீதிமன்றத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆலோசகர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதெல்லாம் கணவன் ஒரு நாட்டிலும் மனைவி இன்னொரு நாட்டிலும் உட்கார்ந்துகொண்டு கணினித் திரையில் சண்டை போடுகிறார்களாம். ஆலோசகர் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தெரிவாராம். நல்ல ஏற்பாடுதான். என் காலத்தில் இருந்திருந்தால் என் மேசைக் கண்ணாடி இரண்டு முறை உடைந்திருக்காது.

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல எத்தனை ஜோடியைச் சேத்து வெச்சிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"நான் என்ன கல்யாணத் தரகரா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை நான் முப்பது வருடமாக வெறுக்கிறேன். சேர்ந்து போனவர்கள் பலர் மறுபடியும் அதே வராந்தாவுக்கு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பிரிந்து போனவர்கள் பலர் கடைத்தெருவில் என்னைக் கண்டதும் முகம் மலரக் கும்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் தங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைத் தங்கள் வாயாலேயே சொல்லும்வரை அந்த அறையைச் சண்டையில்லாமல் வைத்திருப்பதுதான் என் வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன். இதை அடக்கமாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அவர்களிடம் சொன்னதையும் நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் கன்னடம் பேசும் இந்த ஊரில், காக்ஸ் டவுன் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். சமூகப் பணியில் பட்டம் வாங்கி, ஓர் ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை செய்து, 1991இல் குடும்ப நீதிமன்றத்துக்கு வந்தேன். படிப்பில் சொல்லிக்கொடுத்ததில் பாதியை முதல் மழைக்காலத்துக்குள் மறந்துவிட்டேன். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், தெருவில் பொறுக்கிய உருது என்று நாலு மொழி பேசுவேன். அதுதான் கடைசிவரை கைகொடுத்தது.

ஆலோசகர் என்றால் யார் என்று வெளியே பலருக்கும் தெரியாது. விவாகரத்து மனு வந்தால் நீதிபதி உடனே விசாரிக்கத் தொடங்க மாட்டார். முதலில் இருவரையும் எங்களிடம் அனுப்புவார். நாங்கள் தனித்தனியாகவும் சேர்த்தும் பேசுவோம். உடன்பாடு வந்தால் அதை எழுதிக் கொடுப்போம். வராவிட்டால் "சமரசம் ஏற்படவில்லை" என்று ஒரே வரியில் அறிக்கை போகும். காரணம் எழுதக் கூடாது. என் அறைக்குள் சொன்ன எதுவும் கோர்ட்டுக்குப் போகாது, என்னைச் சாட்சியாகவும் யாரும் கூப்பிட முடியாது. அந்த உறுதி இருப்பதால்தான் ஜனங்கள் வாய் திறக்கிறார்கள். அதே உறுதி ஒரு முறை என் தொண்டையில் முள்ளாக நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் அறைக்குச் சில சட்டங்கள் இருந்தன. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்காரக் கூடாது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் என்னைப் பார்த்து உட்கார வேண்டும். எதிரில் முகம் தெரிந்தால் பழைய சண்டை தானாக ஆரம்பமாகிவிடும். பெற்றோர், சித்தப்பா, "வெல்விஷர்" எல்லோரும் வெளியே. குழந்தையைக் கூட்டி வராதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். முக்கியமாக, ஆட்களைப் பார்க்கும் முன் மனுவைப் படிக்க மாட்டேன். மனுவில் இருப்பது வக்கீலின் டைப்பிஸ்ட் எழுதிய குடும்பம். ஒரு காலத்தில் எங்கள் கோர்ட்டுக்கு வந்த மனுக்களில் எல்லாக் கணவன்மாரும் "குடிகாரர், ஒழுக்கங்கெட்டவர், கொடூரர்", எல்லா மனைவிமாரும் "திமிர் பிடித்தவர், நடத்தை கெட்டவர்". ஒரே ஊரில் இத்தனை கெட்டவர்கள் எப்படிச் சரியாக ஜோடி சேர்ந்தார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு மேலே இருந்த நீதிபதி என்னைவிடக் கோபக்காரர். ஆனால் அந்தக் கோபத்தில் சத்தமே இருக்காது. மலைநாட்டுப் பக்கத்துக் கன்னடக்காரர், ஒல்லியான உடம்பு, பின்வரிசைக்குக் கேட்காத குரல். மனுவைக் கையில் வாங்கியதும் ஒரு நீலப் பென்சிலை எடுப்பார். திட்டும் சொல் வரும் இடமெல்லாம் அடியில் மெல்லிய கோடு. பிறகு வக்கீலைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இதெல்லாம் எடுத்துட்டா என்ன மிச்சம் இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்று கன்னடத்தில் சொல்வார். பல மனுக்களில் பெயரும் விலாசமும்தான் மிஞ்சும். என்றைக்கு, எங்கே, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று மட்டும் எழுதி வரச் சொல்வார். எழுதிய வசவை அழிக்க முடியாது, அந்தத் தம்பதியின் குழந்தை வளர்ந்து ஒரு நாள் இதைப் படிக்கும் என்பார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. சாட்சி பேசும்போது பேனாவால் குறிப்பு எடுத்துக்கொண்டே இருப்பார். ஏதாவது கேட்கவேண்டும் என்று தோன்றினால் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுத்தான் கேட்பார். மூடிய பேனாவைப் பார்த்தால் சாட்சிகளுக்குப் பயம் போய்விடும். பழகிய வக்கீல்களுக்குப் பயம் அப்போதுதான் வரும்.

எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டவர்களில் ஒரு பெரிய கூட்டம், தாங்கள் ஏற்கெனவே விவாகரத்து ஆனவர்கள் என்று நம்பி வந்தவர்கள். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ஒருவர் ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினார். இருவர் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் இருந்தன. அதை நம்பி அவர் இரண்டாவது கல்யாணமும் செய்து, அந்த மனைவியையும் கூடவே கூட்டி வந்திருந்தார். எங்கள் கிறிஸ்தவ சபையிலேயே, ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் என்னை ஓரங்கட்டி, சபைத் தலைமை தன் கல்யாணத்தை ரத்து செய்துவிட்டதாகக் காகிதம் காட்டினார். "இது கடவுளுக்குச் சரி, கவர்மெண்டுக்கு நீங்க இன்னும் புருஷன்தான்" என்றேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சில சமூகங்களில் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு, அதை நிரூபித்தால் செல்லும். மற்றவர்களுக்கெல்லாம் கோர்ட் தீர்ப்பு ஒன்றுதான் விவாகரத்து. அக்கம்பக்கத்தார் யார் என்ன சொன்னாலும் இதை மறக்காதீர்கள்.

இனி கலைவாணியின் கதை. பெயரை மாற்றியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த பெண். இருபத்தாறு வயது இருக்கும். தலைமுடியை ஒரு பக்கமாக இழுத்து இடது காதை மூடியிருந்தாள். அவளைத் தனியாகத்தான் முதலில் கூப்பிட்டேன்.

"வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

"மாமா, மேடம்."

"அது நீ கூப்பிடறது. பேரு?"

"முருகேசன். எங்கம்மாவோட தம்பி. சொந்தத் தம்பி."

நம்மிடையே இது ஒன்றும் அதிசயமில்லை. தாய்மாமனைக் கட்டிய பெண்கள் எத்தனையோ பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் குடும்ப நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கல்யாணத்தில் ஒரு சிக்கல் தெரியும். புருஷன் அடித்தால் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். இவளுடைய தாய்வீடு அவனுக்கு அக்கா வீடு.

"சாயங்காலம் நான் தொம்மலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போவேன், மேடம். இருட்டறதுக்குள்ள அவரும் வந்துடுவாரு. 'அக்கா, பசிக்குது'ம்பாரு. அம்மா ரெண்டு தட்டு வெப்பாங்க. பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து சாப்புடணும். காலையில கூட்டிட்டுப் போயிடுவாரு."

"அடிக்கிறாருன்னு அம்மாகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? வேற எடத்துல கட்டிக் குடுத்திருந்தா எங்கம்மா வெளக்கமாத்தோட போயிருப்பாங்க. இவரு அவங்களுக்குப் புள்ள மாதிரி. இவரு பொறந்தவுடனே எங்க ஆயா போயிட்டாங்க. அம்மாதான் இடுப்புல வெச்சு வளத்தாங்க."

பிறகு முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். மடல் கீழ்வரை கிழிந்து, தையல் போட்டு ஒட்டியிருந்தது. ஓவர்டைமுக்குப் போகாதே என்று அவன் சொல்லியும் இவள் போயிருக்கிறாள். திரும்பி வந்ததும் கம்மலோடு சேர்த்துப் பிடித்து இழுத்திருக்கிறான். அம்மாவிடம், பஸ் நெரிசலில் எவனோ கம்மலை இழுத்துவிட்டான் என்று இவளே சொல்லியிருக்கிறாள்.

அந்தக் காதுக்குப் பிறகுதான் அவள் ஐந்து வயது மகள் திவ்யாவைத் தூக்கிக்கொண்டு, கூட வேலை செய்யும் ஒருத்தியோடு பீன்யாவிலேயே ஒரு ரூம் பார்த்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது இரண்டு. அவனிடமிருந்து விடுதலை, மகள் தன்னோடு இருப்பது. முருகேசனும் பதிலுக்கு ஒரு மனு போட்டிருந்தான். மனைவி திரும்பி வர வேண்டும், வராவிட்டால் குழந்தையைத் தன்னிடம் கொடுக்க வேண்டும்.

அவனைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. தொழிற்சாலைக் கருவிகள் செய்யும் ஒரு டூல் ரூமில் சூப்பர்வைசர். இஸ்திரி கலையாத சட்டை. மரியாதையான பேச்சு.

"நான் குடிக்கிறதில்ல, மேடம். பீடி சிகரெட் கெடையாது. சம்பளத்தை அப்படியே அவ கையில குடுத்துடுவேன்."

"காதை யார் கிழிச்சது?"

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, "நான்தான். கோவத்துல பட்டுடுச்சு," என்றான். "மேடம், அவளை நான் தூக்கி வளத்தவன். புருஷன்ங்கறத விடுங்க, மாமன் நான். கண்டிக்க எனக்கு உரிமை இல்லையா?"

குடித்துவிட்டு அடிப்பவன் காலையில் வெட்கப்படுவான். இவன் தன் கடமையைச் செய்ததாகவே நம்பினான். ஆனால் அவன் ஒப்புக்கொண்டது என் அறைக்குள். நான் அதை வெளியே எடுத்துப் போக முடியாது.

அடுத்த வாரம் மனுவைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடி என்ற சொல்லே அதில் இல்லை. கலைவாணியின் வக்கீல் வடக்கே படித்துவிட்டு வந்த இளைஞர். கெட்டவர் இல்லை, சுறுசுறுப்பானவர். அவர் வளர்ந்த இடத்தில் மாமனைக் கட்டுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். சட்டப் புத்தகத்தைத் திறந்தவர் கண்ணில் "தடை செய்யப்பட்ட உறவு" என்ற பிரிவு பட்டிருக்கிறது. இந்தக் கல்யாணமே செல்லாது என்று மனு போட்டுவிட்டார். கொடுமையை நிரூபிக்கவே வேண்டாம், சில மாதங்களில் முடிந்துவிடும் என்று அவளிடமும் சொல்லியிருந்தார்.

வராந்தாவில் அவரை நிறுத்திப் பேசினேன். அந்தச் சமூகத்தில் வழக்கம் இருந்தால் அந்த உறவில் கல்யாணம் செல்லும் என்று அதே சட்டம் சொல்கிறதே என்றேன். அந்த வழக்கத்தை அவர்கள் நிரூபிக்கட்டும், அது லேசான வேலை இல்லை என்றார். நம் ஜனங்களுக்கு அது லேசான வேலை என்று அந்த இளைஞருக்கு எப்படிப் புரியவைப்பது? மனு தோற்றால் அவள் செல்லுபடியான மனைவி. அவள் அடிபட்டதாகக் கோர்ட்டில் ஒரு வரியும் இருக்காது. "திரும்பி வா" என்ற முருகேசனின் மனு மட்டும் மிஞ்சும். ஜெயித்தாலும் நல்லதில்லை. என்றைக்குமே மனைவியாக இருக்கவில்லை என்று ஆகிவிட்டால் ஜீவனாம்சம் கேட்கும் வழி சிக்கலாகும்.

கலைவாணியைக் கூப்பிட்டு இதையெல்லாம் தமிழில் சொன்னேன். "நீ அடிபட்டது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு பிரயோஜனம் இல்லம்மா. கோர்ட்டுக்குத் தெரியணும்."

தலையைக் குனிந்துகொண்டாள். "வக்கீல் சார் இந்த வழி சொன்னப்போ எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, மேடம். அம்மா எதிர்ல அதையெல்லாம் சொல்லாமலே முடிஞ்சுடும்னு நெனச்சேன். அம்மா தாங்க மாட்டாங்க."

இளம் ஆலோசகர்களே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மனுவில் எது எழுதவில்லை என்று பாருங்கள். எழுதாமல் விட்டதற்கு ஒரு ஆள் காரணமாக இருப்பார். கலைவாணிக்கு அது அம்மா. அவளை நான் வற்புறுத்த முடியாது, வற்புறுத்தவும் இல்லை. "சமரசம் ஏற்படவில்லை" என்று எழுதி அனுப்பினேன். அந்த ஒரு வரியை எழுத அன்றைக்குப் போல என்றைக்கும் கை கூசியதில்லை.

விசாரணை நாள் வந்தது. குடும்ப வழக்கில் வேடிக்கை பார்க்க ஆட்களை விடாமல் கதவைச் சாத்திவிட்டு விசாரிக்கலாம். அன்றும் அப்படித்தான். வழக்கத்தை நிரூபிக்க முருகேசன் பக்கம் கூப்பிட்ட முதல் சாட்சி ராஜம்மா. அவனுக்கு அக்கா, கலைவாணிக்கு அம்மா. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை செய்பவர். கடைத்தெருக் கன்னடம் பேசுவார், கோர்ட் கன்னடம் புரியாது. அதனால் நீதிபதி என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்ப்பவள் தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்க முடியாது. எல்லாம் தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் பக்கத்தில் நின்றேன்.

ராஜம்மா கஞ்சி போட்ட சேலையில் நிமிர்ந்து நின்றார். மகள் வீடு மறுபடி ஒன்றாகப் போகிறது, அதற்குத் தான் நாலு வார்த்தை சொன்னால் போதும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

முருகேசனின் வக்கீல் கேட்டார். "உங்க குடும்பத்துல தாய்மாமனைக் கட்டற வழக்கம் உண்டா?"

"உண்டாவா? நானே எங்க மாமனைத்தான் கட்டினேன். எங்கம்மாவும் அப்படித்தான். எங்க பெரியப்பா மகளும் அப்படித்தான். மாமன் இருக்கறப்போ வெளிய குடுத்தா எங்க ஜனங்க சண்டைக்கு வருவாங்க."

இளம் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். இப்படி ஒரு கல்யாணம் தப்பு என்று உங்களுக்குத் தோன்றவில்லையா, இரத்த உறவு இல்லையா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னதும் ராஜம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாருப்பா நீ? என் கல்யாணம் தப்புங்கறியா? அப்போ என் பொண்ணு யாரு? எங்க வீட்டு விசேஷத்துல ஒரு வாய் சாப்பிட்டிருக்கியா நீ?"

அப்படியே மொழிபெயர்த்தேன். அது என் வேலை. இளம் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மனு அந்த இடத்தில் செத்துவிட்டது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. முருகேசன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். கலைவாணி அழவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நீதிபதி பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"அம்மா, உங்க வழக்கத்தை முழுசா தெரிஞ்சுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு மாமன் என்னென்ன செய்யணும்?"

என்ன பெரிய கேள்வி என்பதுபோல ராஜம்மா சிரித்தார். "மாமன் இல்லாம ஒண்ணும் நடக்காது, சாமி. பேர் வெக்கறதுக்கு மாமன், சடங்குக்குப் பச்சை ஓலை கட்டறது மாமன், சீர் தூக்கிட்டு வர்றது மாமன். காது குத்தறதுன்னா மாமன் மடியிலதான் ஒக்கார வெக்கணும். இவளுக்குக் குத்தறப்போ தம்பிக்கு வயசு பத்துகூட ஆகல. குழந்தையைப் புடிச்சுக்கத் தெரியல. ஆசாரி ஊசியை எடுத்ததும் இவளுக்கு முன்னாடி இவன் அழுதுட்டான். 'அக்கா, வேணாக்கா, காது வலிக்கும்'னு..."

அதோடு நின்றுவிட்டார்.

நான் அதுவரை சொன்னதை மொழிபெயர்த்து முடித்தேன். ராஜம்மா கூண்டில் நின்றபடி, முடி மூடியிருந்த மகளின் இடது காதைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி அவசரப்படுத்தவில்லை. எழப் பார்த்த ஒரு வக்கீலைக் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

"ஏய் கலை," என்றார் ராஜம்மா. "உன் காது பஸ்ஸுலதானே கிழிஞ்சுது?"

கலைவாணி முடியை இழுத்துக் காதை இன்னும் மூடிக்கொண்டாள்.

"பஸ்ஸுல கிழிஞ்சா நீ ஏண்டி வீட்டை விட்டுப் போன?"

அந்த அம்மாள் மெதுவாக முருகேசன் பக்கம் திரும்பினார். "தம்பி," என்றார். அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இருபது வருடம் ஓர் ஆளை வளர்த்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ராஜம்மா கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரல் நடுங்கவில்லை. "சாமி, மாமனைக் கட்டறது எங்க வழக்கம்தான். அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன். காதைக் கிழிக்கறது எங்க வழக்கம் இல்ல. அதையும் எழுதிக்கோங்க. அடிபட்டு எம்பொண்ணு என் வீட்டுக்கு வந்தப்போ அடிச்சவனுக்கும் சேத்துச் சோறு போட்டிருக்கேன். இனிமே இவனுக்கு என் கையால சோறு கெடையாது."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். நீதிபதி பேனாவைத் திறந்தார். அந்த அம்மாள் சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாகத் தன் கையாலேயே எழுதினார்.

அன்றே இளம் வக்கீல் மனுவைத் திருத்த அனுமதி கேட்டார். கிடைத்தது. அவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, தோற்றதை உடனே ஒப்புக்கொள்வார். இந்த முறை கலைவாணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி எழுதினார். தையல் போட்ட டாக்டரின் சீட்டையும் சேர்த்தார். அந்த மனுவில் நீலப் பென்சிலுக்கு வேலையே இல்லை.

நீதிபதி இருவரையும் மறுபடி என் அறைக்கு அனுப்பினார். முருகேசன் இஸ்திரி இல்லாத சட்டையில் வந்திருந்தான்.

"அக்கா எங்கூடப் பேச மாட்டேங்குது, மேடம்."

"உங்க மனைவியைப் பத்திச் சொல்லுங்க."

"அவ வர மாட்டா, மேடம். தெரிஞ்சுடுச்சு. எந்த எடத்துல கையெழுத்து போடணும்னு சொல்லுங்க."

பரஸ்பர சம்மத விவாகரத்தாக மாற்றிக்கொண்டார்கள். குழந்தை தாயிடம். தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். இங்கே ஒரு யோசனை சொல்கிறேன். "வசதிப்படி பார்க்கலாம்" என்று எந்தக் காலத்திலும் எழுதாதீர்கள். யாருடைய வசதி என்று அடுத்த சண்டை ஆரம்பமாகும். இடம், யார் கூட்டி வருவார், பண்டிகை நாளில் எப்படி, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது, எல்லாம் எழுத வேண்டும். கலைவாணியின் தாய்வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று முருகேசனின் வக்கீல் சொன்னார். வழக்கமாக அது நல்ல யோசனைதான். வெளியே உட்கார்ந்திருந்த ராஜம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என் வீட்டு வாசப்படி வேணாம், மேடம். பார்க்குல பாத்துக்கட்டும்."

கப்பன் பார்க் என்று எழுதினோம்.

சம்மத மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை யார் வேண்டுமானாலும் மனம் மாறலாம். என்னிடம் வருபவர்கள் பலர் அந்த ஆறு மாதத்தைத் தண்டனை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஆத்திரத்தில் போட்ட கையெழுத்தை ஆத்திரமில்லாமலும் போட முடிகிறதா என்று பார்க்கும் காலம் அது. அவர்கள் இருவரும் மாறவில்லை. கடைசி நாளில் நீதிபதி தனித்தனியாகக் கேட்டார். கலைவாணி தெளிவாக, "சம்மதம், சார்" என்றாள். முருகேசனும் சொன்னான். கல்யாணம் முடிந்தது.

வெளியே வந்தேன். ராஜம்மா வராந்தா பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து, திவ்யாவுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்து அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள். முருகேசன் மாடிப்படிக்குப் பக்கத்தில் தூணோடு ஒட்டி நின்றான். கிட்டே வரவில்லை, போகவும் இல்லை.

நான் கடந்து போகும்போது ராஜம்மா என் சேலை முனையைப் பிடித்தார். அவன் பக்கம் பார்க்காமல், சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டார்.

"மேடம், அவன் காலையில சாப்பிட்டானான்னு நீங்க போய் ஒரு வார்த்தை கேளுங்க."

போய்க் கேட்டேன். "ஆச்சு, மேடம்" என்றான். திரும்பி வந்து சொன்னேன்.

"பொய் சொல்றான்," என்றார் ராஜம்மா.

பாக்ஸில் கடைசி உருண்டை இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அதையும் பேத்தி வாயில் வைத்தார். மூடியைப் போட்டு அழுத்தி மூடி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் நின்ற படி வழியாக இறங்காமல், வராந்தாவின் அந்தக் கோடி வரை நடந்து மறுபக்கத்துப் படியில் இறங்கிப் போனார்.